மெருகும் மேனியும்

ஓவியன் ஒருவன் முகம் தீட்டும்போது கடைசியாக வைப்பவை சில வெண்புள்ளிகள். மூக்கின் நுனியில் ஒன்று, கீழுதட்டில் ஒன்று, கண்மணியில் ஒன்று. அவை விழும்வரையில் அது வண்ணம் பூசிய துணி. விழுந்த பின்னரே அது முகம். இன்று கணினி விளையாட்டுகளில் உலவும் மாந்தர்க்கும் இதே நிலைதான். அவர்களுடைய மேனியில் மெருகு அளவோடு அமைந்தால் உயிர் தெரிகிறது. அளவு மிஞ்சினால் எண்ணெயில் முக்கி எடுத்த பொம்மை போலாகிவிடுகிறது. குறைந்தால் உலர்ந்த களிமண் போலாகிவிடுகிறது.

நம் விடுதி அறைகளில் நள்ளிரவு தாண்டியும் ஒளிரும் திரைகளில் பாதிக்கு மேல் பாடத்திற்காக ஒளிர்வன அல்ல என்பதை யாவரும் அறிவோம். ஆடுவதோடு நில்லாமல், ‘மாட்’ எனப்படும் மாற்றுப்பொதிகளைச் சேர்த்து ஆட்டத்தின் தோற்றத்தையே மாற்றிக்கொள்ளும் நண்பர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று: “தோல் ஏன் இப்படிப் பளபளக்கிறது? எந்த எண்ணைக் குறைக்கவேண்டும்?” எண்ணைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் காரணம் தெரியாமல் எண்ணை மாற்றுவது, நாடி பாராமல் மருந்து கொடுப்பதை ஒக்கும். ஆகவே காரணத்தை முதலிலும் கைமுறையை அடுத்தும் காண்போம். எடுத்துக்காட்டாக, 2011 நவம்பரில் பெதெஸ்டா நிறுவனம் வெளியிட்டு, 2016இல் புதுப்பதிப்பும் கண்ட ‘ஸ்கைரிம்’ ஆட்டத்தைக் கொள்வோம். வந்து பல ஆண்டுகள் ஆகியும் மாற்றுப்பொதிகளின் விளைநிலமாக அது விளங்குகிறது.

கத்தரிக்காய் சொல்லும் பாடம்

காய்கறிக் கடையில் குவிந்திருக்கும் கத்தரிக்காய்களைப் பாருங்கள். கருநீலக் காய் உண்டு. பச்சைக் காய் உண்டு. வெள்ளைக் காயும் உண்டு. கடையில் தொங்கும் விளக்கின் ஒளி பட்டு ஒவ்வொன்றின் மீதும் ஒரு புள்ளி மின்னும். அந்தப் புள்ளியின் நிறம் என்ன? கருநீலக் காயின் மீது அது கருநீலமாகவா இருக்கிறது? இல்லை. மூன்றின் மீதும் அது விளக்கின் நிறமாகவே இருக்கிறது. பக்கத்தில் ஒரு பித்தளைச் செம்பை வைத்தால், அதன் மினுக்கு மட்டும் மஞ்சளாகத் தெரியும்.

இதன் காரணம் எளிது. ஒரு பொருளின் மீது விழும் ஒளி இருவகையில் நம் கண்ணுக்குத் திரும்புகிறது. ஒரு பகுதி மேற்பரப்பிலேயே பட்டுத் தெறித்துவிடுகிறது. அது பொருளின் உள்ளே நுழைவதே இல்லை. ஆகையால் பொருளின் நிறம் அதனைத் தீண்டுவதில்லை. இதுவே மெருகு. எஞ்சிய பகுதி உள்ளே நுழைந்து, அங்கே சிதறி, நிறமிகளால் ஓரளவு உறிஞ்சப்பட்டு, மிச்சம் வெளியேறுகிறது. இதுவே நிறம். உலோகத்தில் உள்ளே நுழைந்து திரும்பும் ஒளி இல்லை. அதன் தெறிப்பே நிறம் பெற்றுவிடுகிறது. கத்தரிக்காயும் மனிதத் தோலும் உலோகங்கள் அல்ல.

தோலின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.4. இந்த எண்ணை வைத்து, நேராக விழும் ஒளியில் எவ்வளவு தெறிக்கும் என்று கணக்கிடலாம். 1.4இலிருந்து 1ஐக் கழித்தால் 0.4; கூட்டினால் 2.4. முன்னதைப் பின்னதால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கினால் 0.028 கிடைக்கும். அதாவது, நூறு பங்கு ஒளி விழுந்தால் மூன்று பங்கிற்குச் சற்றுக் குறைவாக மேற்பரப்பில் தெறிக்கிறது. சாய்வாக விழும் ஒளியில் இந்த அளவு கூடும். கன்னத்தின் ஓரமும் தாடையின் விளிம்பும் பின்னொளியில் மின்னுவது அதனால்தான்.

இங்கே நாம் மனத்தில் இருத்த வேண்டிய உண்மை ஒன்றுண்டு. தோலுக்கு நிறந்தரும் மெலனின் மேற்பரப்புக்குக் கீழேதான் இருக்கிறது. ஆகவே இந்த மூன்று பங்குத் தெறிப்பு எல்லா நிறத்தார்க்கும் ஏறக்குறைய ஒன்றே. சிவந்தவர்க்கு ஒரு மெருகு, கறுத்தவர்க்கு ஒரு மெருகு என்று இயற்கை பிரித்து வைக்கவில்லை. நெற்றியிலும் மூக்கிலும் மெருகு மிகுவது அங்கே சுரக்கும் எண்ணெய்ப் பசையால். முழங்கையில் குறைவது அங்குள்ள தோலின் வறட்சியாலும் சொரசொரப்பாலும். வேற்றுமைக்குக் காரணம் பசையும் வழவழப்புமே அன்றி, நிறம் அன்று.

போங் காட்டிய வழி

இயற்கை செய்வதைக் கணினிக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி? இதற்கு எளிய வழி கண்டவர் ஓர் ஆராய்ச்சி மாணவர். பூய் துவோங் போங் என்பது அவர் பெயர். வியத்நாமில் பிறந்து, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து, 1973இல் முனைவர் பட்டம் பெற்றவர். அவருடைய கட்டுரை 1975இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் மறைந்தார். 1977இல் ஜேம்ஸ் பிளின் என்பார் அவர் முறையைச் சற்றே திருத்தி அமைத்தார். அதன்பின் நெடுங்காலம் விளையாட்டுத் திரைகளில் மின்னிய மெருகில் பெரும்பகுதி இவ்விருவர் வழிவந்ததே. ஸ்கைரிம் மாந்தரின் மெருகும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

பிளின் திருத்திய முறை இது. விளக்கு இருக்கும் திசை ஒன்று. பார்ப்பவர் இருக்கும் திசை ஒன்று. இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு திசையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தோலின் மேற்பரப்பு நேராக நோக்கும் திசைக்கும் இந்த நடுத்திசைக்கும் இடையே ஒரு கோணம் இருக்கும். அக்கோணத்தின் கோசைன் மதிப்பை ஓர் எண்ணின் அடுக்குக்கு உயர்த்தினால், அந்த இடத்தில் எவ்வளவு மெருகு என்பது கிடைத்துவிடும். அந்த அடுக்கு எண்ணை நாம் ‘கூர்மை எண்’ என்போம். ஆட்டத்தின் கோப்புகளில் அதன் பெயர் ‘குளோசினஸ்’. வந்த விடையைப் பெருக்கும் இன்னோர் எண்ணை ‘வலிமை எண்’ என்போம். கோப்பில் அது ‘ஸ்பெக்குலர் ஸ்ட்ரெங்த்’.

கூர்மை எண் என்ன செய்கிறது என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். கோணம் 10 பாகை என்று கொள்வோம். கூர்மை எண் 10 ஆயின் மெருகு 0.86; 30 ஆயின் 0.63, 100 ஆயின் 0.22. கோணத்தை 30 பாகையாக்கினால், அதே எண்களுக்கு முறையே 0.24, 0.01, ஏறக்குறையச் சுழி. ஆக, எண் சிறிதானால் மெருகு கன்னம் முழுவதும் பரவுகிறது. எண் பெரிதானால் ஒரு புள்ளியில் குவிகிறது. முன்னது வியர்வை பூத்த முகம். பின்னது மெழுகு தேய்த்த மேசை.

இங்கே ஒரு நுட்பம். நடுப்புள்ளியில் கோணம் சுழி. அங்கே விடை எப்போதும் 1. கூர்மை எண்ணைக் கூட்டினால் புள்ளி சுருங்குமே தவிர, அதன் உச்ச ஒளி கூடாது. இயற்கையிலோ, பரப்பு வழவழப்பாக ஆக, புள்ளி சுருங்குவதோடு ஒளியும் மிகும். பழைய முறை இதனைத் தானே கவனித்துக்கொள்ளாது, நாம்தான் கவனிக்கவேண்டும். ஆகவே இரண்டு எண்களையும் தராசுத் தட்டுகளைப் போல் சேர்த்தே நகர்த்துக. கூர்மையைக் குறைத்து மெருகைப் பரப்பினால், வலிமையையும் குறைத்துவிடுக. கூர்மையை மட்டும் குறைத்துவிட்டு வலிமையை அப்படியே விட்டுவிட்டால், முகம் முழுவதும் பால் கொட்டியதுபோல வெளுத்துவிடும். “பளபளப்பைக் குறைத்தேன், இன்னும் மோசமாயிற்று” என்று நண்பர்கள் சொல்லும் முறையீட்டிற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

நான்கு படங்கள்

ஸ்கைரிமில் ஓர் உடலின் தோல் என்பது ஒரே படம் அன்று, நான்கு படங்கள். எல்லாம் ‘டி.டி.எஸ்.’ வகைக் கோப்புகள். முதலாவது, தோலின் நிறத்தைக் காட்டும் படம். இரண்டாவது, பெயரின் ஈற்றில் ‘எம்.எஸ்.என்.’ என்ற எழுத்துகளைக் கொண்டது. தசையின் மேடு பள்ளம் எத்திசை நோக்கியது என்பதைக் கூறுவது. மூன்றாவது ‘எஸ்.கே.’, தோலுக்கடியில் கசியும் செஞ்சாயலுக்கு உரியது. நான்காவது வெறும் ‘எஸ்.’ என்று முடிவது. அதுவே நமக்கு வேண்டிய பளபளப்புப் படம்.

பளபளப்புப் படத்தைத் திறந்தால், கறுப்பும் வெளுப்பும் சாம்பலுமாக விரித்த ஒரு மனிதத் தோல் தெரியும். வெளுத்த இடம் மின்னும். கறுத்த இடம் மின்னாது. நல்ல படத்தில் மூக்கும் நெற்றியும் உதடும் சற்று வெளுத்திருக்கும். கன்னம் நடுச்சாம்பலாக இருக்கும். காதின் பின்புறமும் கண்ணின் கீழ்க்குழியும் கறுத்திருக்கும். தோலின் நுண்துளைகள் கரும்புள்ளிகளாகத் தெரியும். இந்த வேறுபாடுதான் உயிர். எங்கும் ஒரே சாம்பலாகப் பூசப்பட்ட படமானால், எண்களை எப்படி மாற்றினாலும் பொம்மைதான் கிடைக்கும்.

இன்னொரு செய்தியும் இங்கே வேண்டும். இந்த ஆட்டத்தில் மனித இனங்கள் நான்கு: நார்ட், இம்பீரியல், பிரெட்டன், ரெட்கார்ட். முதல் மூன்றும் பெரும்பாலும் வெளிர்மேனியர், ரெட்கார்டுகள் கருமேனியர். ஆனால் நால்வர்க்கும் உடலின் தோற்படங்கள் ஒன்றே. அந்த ஒரே படத்தின் மீது இனத்திற்கேற்ற சாயல் ஏற்றப்படுகிறது. ஆகவே பளபளப்புப் படமும் நால்வர்க்கும் பொது. மேலே கண்ட இயற்கை விதிப்படி இது சரியே. இதிலிருந்து எழும் சிக்கலைப் பின்னர்க் காண்போம்.

எண்ணைத் திருத்துவதா, படத்தைத் திருத்துவதா?

கூர்மை எண்ணும் வலிமை எண்ணும் ‘நிஃப்’ எனப்படும் உருவக் கோப்புக்குள் இருக்கின்றன. ‘நிஃப்ஸ்கோப்’ என்னும் கருவியால் அக்கோப்பைத் திறந்து, ஒளியமைப்புப் பகுதிக்குச் சென்று, இரண்டையும் மாற்றலாம். புதிதாகத் தொடங்குவோர் முதலில் கைவைப்பது இங்கேதான். ஆனால் இது அவ்வளவு எளிதன்று. காரணம் இரண்டு.

ஒன்று: உடலுக்கு ஒரு கோப்பு, கைகளுக்கு ஒரு கோப்பு என்று இருப்பதோடு, தோல் வெளியே தெரியும் ஒவ்வோர் ஆடைக்கும் கவசத்திற்கும் தனித்தனி உருவக் கோப்புகள் உண்டு. அவற்றுள் தெரியும் தோலுக்கு அவற்றின் எண்களே செல்லும். வெற்றுடல் கோப்பில் எண்ணை மாற்றிவிட்டு, ஆடை உடுத்திய மாந்தர் மாறவில்லையே என்று வியப்பதில் பயனில்லை.

இரண்டு: ஆட்டத்தில் வரும் ஊராரின் முகங்கள் முன்னரே வார்க்கப்பட்டு, ஒவ்வொருவர்க்கும் தனிக் கோப்பாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றன. பொதுத் தலைக்கோப்பை மாற்றினால் அவர்கள் முகம் மாறாது. கழுத்துக்குக் கீழே ஒரு மெருகு, மேலே ஒரு மெருகு என்று நின்று, கழுத்தைச் சுற்றிக் கயிறு கட்டியதுபோல் ஒரு கோடு தெரியும். மாற்றுப்பொதி உலகில் பெயர்பெற்ற கழுத்துக்கோடு தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே முதலில் திருத்த வேண்டியது பளபளப்புப் படமே. கோப்புகள் பலவானாலும் அவை தேடிச் செல்லும் படம் பெரும்பாலும் ஒன்றே. படத்தை மாற்றினால் ஊர் முழுவதும் ஒருங்கே மாறும். தலை, உடல், கை ஆகிய மூன்றின் பளபளப்புப் படங்களையும் ஒரே அளவில் மாற்றவேண்டும். ஒன்றை விட்டால் அங்கே கோடு விழும். ‘பெயின்ட் டாட் நெட்’ போன்ற கருவி இதற்குப் போதும். மொத்தமாகக் கறுப்பாக்காமல், வெளிச்ச அளவைச் சிறிதுசிறிதாகத் தாழ்த்துங்கள். சேமிக்கும்போது வகையையும் கவனியுங்கள். 2016ஆம் ஆண்டுப் பதிப்புக்கு ‘பி.சி.7’ என்னும் சுருக்கமுறை பொருந்தும். 2011ஆம் ஆண்டின் பழைய பதிப்பு அதனைப் படிக்காது.

கருமேனிக்கு நேர்ந்த குறை

இனி நாம் சிக்கலுக்கு வருவோம். மெருகு யாவர்க்கும் ஒன்றே என்றோம். ஆனால் கண்ணுக்கு அது ஒன்றாகத் தோன்றுமா?

ஒரு கணக்குப் போடுவோம். வெளிர்ந்த தோல் ஒன்று தன் உள்ளிருந்து 40 பங்கு ஒளியைத் திருப்புகிறது என்றும், கறுத்த தோல் ஒன்று 8 பங்கைத் திருப்புகிறது என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டின் மேலும் மெருகு 3 பங்கு. வெளிர்ந்த தோலிலிருந்து வரும் மொத்த ஒளி 43. அதில் மெருகு 7 விழுக்காடு. கறுத்த தோலிலிருந்து வரும் மொத்த ஒளி 11. அதில் மெருகு 27 விழுக்காடு. வெள்ளைக் கத்தரிக்காயில் மறைந்து கிடக்கும் புள்ளி, கருநீலக் காயில் விண்மீனாக மின்னுவது இதனால்தான். கறுத்த முகத்தின் மேடு பள்ளத்தையும், கன்னத்தின் வளைவையும், மூக்கின் கூர்மையையும் கண்ணுக்கு எடுத்துச் சொல்வதில் மெருகின் பங்கு மிகப் பெரிது. எண்ணெய்க்காப்பிட்ட கருங்கல் சிலையை அகல்விளக்கொளியில் கண்டவர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

இப்போது மாற்றுப்பொதி செய்வோர் ஒருவர் வெளிர்மேனிப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு வேலை தொடங்குகிறார் என்று கொள்வோம். மெருகு தெரியவில்லையே என்று வலிமையை மும்மடங்காக்குகிறார். மெருகு 3 பங்கு, 9 பங்காகிறது. வெளிர்ந்த முகத்தில் அது 49இல் 9. அதாவது 18 விழுக்காடு. அழகாகத்தான் இருக்கிறது. அவர் மகிழ்ந்து வெளியிட்டுவிடுகிறார். அதே அமைப்பு ரெட்கார்ட் ஒருவரின் முகத்தில் ஏறும்போதோ, 17இல் 9 ஆகி, பாதிக்கு மேல் மெருகாகிவிடுகிறது. முகம் மறைந்து பளபளப்பு மட்டும் நிற்கிறது. “கறுப்பு நிறத்திற்கு இந்தப் பொதி ஒத்துவராது” என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒத்துவராதது நிறமா, அமைப்பா?

இதற்கு மாற்றாக வேறு சிலர் மெருகை முற்றிலும் அணைத்துவிடுகிறார்கள். அப்போது வெளிர்ந்த முகம் ஓரளவு தாங்கும். அதன் நிழலே அதன் வடிவத்தைக் காட்டிவிடும். கறுத்த முகமோ வடிவிழந்து, சாம்பல் பூத்துக் கரிக்கட்டியாகிவிடும். மிகுதியும் தீங்கு, இன்மையும் தீங்கு.

இக்குறை விளையாட்டோடு தோன்றியதன்று. வண்ணப் புகைப்படம் பரவிய இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அச்சின் நிறம் சரியா என்று பார்க்கக் கோடாக் நிறுவனம் ‘ஷெர்லி அட்டை’ என்ற மாதிரிப் படத்தை வழங்கிவந்தது. அதில் இருந்தவர் வெள்ளைநிறப் பெண். அவர் முகம் சரியாக வந்தால் எல்லார் முகமும் சரியாக வந்ததாகக் கொண்டார்கள். பல நிறத்தாரும் சேர்ந்த அட்டை 1990களில்தான் வந்தது. கணினி வரைகலையிலும் இதே நிழல் உண்டு. யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் தியோடர் கிம் 2020இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ‘மனிதத் தோல்’ என்று ஆய்வுகள் கொண்டது பெரும்பாலும் வெளிர்ந்த தோலையே என்றும், அதன் ஒளிக்கசிவுக்குத் தந்த சிறப்பிடம் மற்றத் தோல்களைப் பின்னுக்குத் தள்ளியது என்றும் எடுத்துக்காட்டினார்.

நம்மில் பலர் ஆட்டத்தில் தம்மைப்போன்ற முகத்தையே படைத்துக்கொள்ள விரும்புகிறோம். அந்த முகம் பொம்மையாகவோ கரிக்கட்டியாகவோ தோன்றினால், நிறத்தை வெளிறச் செய்துகொண்டு சமாதானம் அடைகிறவர்களும் உண்டு. அந்தச் சமாதானம் தேவையற்றது. மாற்ற வேண்டியது மேனியை அன்று, எண்ணைத்தான்.

உள்ளே கசியும் ஒளி

மெருகைச் சரிசெய்வதோடு வேலை முடிவதில்லை. தோலுக்குள் நுழைந்த ஒளி, நுழைந்த இடத்திலேயே வெளிவராமல் சற்றுத் தள்ளி வெளிவருகிறது. கைவிளக்கை உள்ளங்கைக்குப் பின்னால் பிடித்தால் விரலோரம் சிவப்பது இதனால்தான். இதனைக் கணினியில் எளிதாகக் கணக்கிடும் வழியை ஜென்சன், மார்ஷ்னர், லெவாய், ஹன்ரஹன் ஆகிய நால்வர் 2001இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு வந்த ஒரு திரைப்படத்தின் ‘கொல்லும்’ என்னும் பாத்திரத்தின் தோல் உயிருள்ளதாகத் தோன்றியதற்கு இவ்வகைக் கணக்கும் ஒரு காரணம்.

ஸ்கைரிமில் இந்தக் கசிவைத் தருவது போரிஸ் வொரொன்ட்சோவ் ஆக்கிய ‘ஈ.என்.பி.’ என்னும் மாற்றுப்பொதி. ஆட்டத்தின் நடுவே ஷிஃப்ட் விசையையும் என்டர் விசையையும் சேர்த்து அழுத்தினால் அதன் அமைப்புப் பலகை திறக்கும். ஷிஃப்டையும் எஃப்12ஐயும் அழுத்தினால் எல்லா மாற்றமும் அணைந்து பழைய தோற்றம் தெரியும். முன்பின் ஒப்பிட இதைவிட எளிய வழி இல்லை. பலகையில் ‘சப்சர்ஃபேஸ் ஸ்கேட்டரிங்’ என்ற தலைப்பின் கீழ் மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் தனித்தனியே அளவும் நிறச்செறிவும் இருக்கும். கசிவைக் கூட்டினால் நிழலின் ஓரம் மென்மையாகும், கடுமை குறையும். ஆனால் மிகையாகக் கூட்டினால் வெளிர்ந்த தோல் மெழுகுத்திரியாகும். கறுத்த தோல் செங்கல் நிறமாகும். மெலனின் மிகுந்த தோலில் உள்ளே கசிந்து திரும்பும் ஒளி குறைவு என்பதை நினைவிற் கொண்டால், இங்கே கை தாராளமாகாது.

சோதிக்கும் முறை

இனிக் கைமுறை. வரிசை மாறாமல் செய்யுங்கள்.

முதலில் உங்கள் திரையைச் சரிசெய்க. மடிக்கணினித் திரைகளில் நிறத்தை மிகைப்படுத்தும் அமைப்பு இருந்தால் அதனை அணைத்துவிடுக. ஆடி கோணலாயிருக்க முகத்தைக் குறைகூறலாகாது.

அடுத்து ஒளியைச் சரிசெய்க. ‘புளூம்’ எனப்படும் ஒளிப்பூச்சு மிகுந்திருந்தால் சிறு மெருகும் பெரும்புகையாகப் பரவும். அதைக் குறைத்தாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். அறைகளுக்குள் கறுத்த முகங்கள் இருளில் மூழ்கினால், மெருகைக் கூட்டாமல் சூழொளியைச் சற்றே உயர்த்துக. முகத்தைத் தெரியச் செய்ய வேண்டியது விளக்கின் வேலை. அதனைத் தோலின் தலையில் சுமத்தவேண்டா.

மூன்றாவது, பளபளப்புப் படத்தைத் திருத்துக. மூலக்கோப்பைத் தொடாமல், ‘மாட் ஆர்கனைசர்’ போன்ற கருவியில் உங்களுக்கென ஒரு தனிப்பொதி அமைத்து அதில் வையுங்கள். தவறினால் அதனை அணைத்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

நான்காவது, அதன் பின்னும் வேண்டியிருந்தால் மட்டும் கூர்மை, வலிமை எண்களுக்குச் செல்க. பழைய எண்களை ஒரு தாளில் குறித்துக்கொண்ட பிறகே புதியதை எழுதுக. ஒரு முறைக்கு ஒரு கோப்பையே மாற்றுக.

ஐந்தாவதும் முதன்மையானதும் சோதனை. ஒரே முகத்தை ஒரே ஒளியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வைட்ரன் நகரத்துச் சந்தை இதற்கு ஏற்ற இடம். பெண்பாலில் ரெட்கார்டான சாஃபிரையும் நார்டான இசோல்டாவையும் ஒப்பிடுங்கள். ஆண்பாலில், தன் பெருமையைப் பிறர்க்குச் சொல்லாமல் நகராத நசீம் இருக்கிறான், அவன் ரெட்கார்ட். சற்று மேலே சிலைமுன் நின்று ஓயாமல் முழங்கும் ஹெய்ம்ஸ்கர் நார்ட். இவர்களை நண்பகல் வெயிலில் ஒருமுறை, விடுதியின் அடுப்பொளியில் ஒருமுறை, இரவில் தீப்பந்தத்தருகே ஒருமுறை பாருங்கள். ஆட்டத்தின் கட்டளைப் பலகையில் நேரத்தை மாற்றவும், ஓட்டத்தை நிறுத்திப் படக்கருவியை மட்டும் நகர்த்தவும் வழி உண்டு. ஆறு காட்சிகளில் ஐந்து நன்றாக வந்து ஒன்று கெட்டால், அமைப்பு இன்னும் முடியவில்லை என்பதே பொருள்.

மழையில் நனைந்த மேனிக்கென்று தனிப் பொதிகள் உண்டு. அவை மெருகை வேண்டுமென்றே கூட்டுவன. அடிப்படை அமைப்பு முடியும்வரை அவற்றை அணைத்து வையுங்கள். கடைசியாக, பிறர் வரைந்த படத்தைத் திருத்தி நீங்கள் பயன்படுத்துவது வேறு. அதனை உங்கள் பெயரில் வெளியிடுவது வேறு. வெளியிடுமுன் படைத்தவரின் இசைவைப் பெறுவதே முறை.

முடிப்பு

இது வெறும் விளையாட்டுத்தானே, இதற்கு இத்தனை ஆராய்ச்சியா என்று கேட்கலாம். விளையாட்டுத்தான். ஆயினும் ஒளியியலும் கோணகணிதமும் தோலியலும் இங்கே ஒரு முகத்தில் கூடி நிற்கின்றன. பாடநூலில் கோசைன் வெறும் வாய்பாடு; இங்கே அது ஒருவன் கன்னத்தில் மின்னும் ஒளி. அதனை அடுக்கேற்றிப் பார்த்தவர்க்கு அது மறக்காது.

அதற்கும் மேலாக ஒன்றுண்டு. ஓர் அமைப்பை ‘சரி’ என்று சொல்லுமுன், அது யார் முகத்தில் சரி என்று கேட்கும் பழக்கம் வேண்டும். நம்முள் பொறியியல் பயில்வோர் நாளை இத்தகைய ஆட்டங்களையும், படக்கருவிகளையும், முகமறியும் பொறிகளையும் தாமே ஆக்கப் போகிறவர்கள். அன்று அவர்கள் மேசைமேல் வைக்கும் மாதிரி முகங்கள் ஒன்றுக்கு மேற்பட்டனவாகவும், ஒன்றுக்கு மேற்பட்ட நிறத்தனவாகவும் இருக்கட்டும். இன்றைக்கோ, வைட்ரன் சந்தையில் நசீமையும் சேர்த்துப் பாருங்கள். அவன் பேச்சுத்தான் பொறுக்க இயலாதது, அவன் முகம் பொறுக்க இயலாததாக இருக்கவேண்டியதில்லை.